அம்மம்மாவிடமிருந்து தொடங்குங்கள்: மூன்று தலைமுறைப் பிறப்புப் பதிவுகளைக் கோர்க்கும் முறை

ஒரு குழந்தை நிறை குறைந்து பிறந்தால் எல்லோரும் தாயின் கர்ப்பகாலக் கொப்பியைப் புரட்டுவார்கள். அந்தத் தாய் பிறந்தபோது என்ன நிறை என்று கேட்பவர்கள் அரிது. நிறை குறைந்து பிறந்த பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட சங்கதி. நோர்வே 1967 முதல் நாட்டில் நடக்கும் ஒவ்வொரு பிறப்பையும் ஒரே மருத்துவப் பதிவேட்டில் சேர்த்து வருகிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுவதற்கும் ஒரே இலக்கம் என்பதால் தாயின் பிறப்பையும் பிள்ளையின் பிறப்பையும் மேசையில் இருந்தபடியே இணைத்துவிடுவார்கள். இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அதையே செய்ய வேண்டுமென்றால் அலுமாரி, பிரதேச செயலகம், கோயில், கிழவிகள் என்று நாலு பக்கமும் நடக்க வேண்டும். நடந்தால் கிடைக்கும்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலும் பிறகு கிழக்கே எழுவான்கரையிலும் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது ஊரார் மிஸ் என்று கூப்பிடும் மிட்வைஃபாக, இருந்து ஓய்வுபெற்றவள். ஆய்வு செய்ய வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மென்பொருள் நல்லது என்று. மென்பொருளைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் எதைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"சிசு மரணத்தை ஆராயப் போகிறேன்" என்று நூறு குடும்பங்களோடு இறங்காதீர்கள். சிசு மரண வீதம் என்பது உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறையுமுன் இறந்தவர்களின் எண்ணிக்கை. 1935இல், மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை உலுக்கிய ஆண்டில், இலங்கையில் அது 263. இன்று பத்துக்குக் கீழே. நூறு பிறப்பில் ஒரு மரணம் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். அதை வைத்து வீதம் கணக்கிட்டால் எண் வரும், பொருள் வராது.

சிறிய ஆய்வுக்கு ஏற்றது பிறப்பு நிறை. ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு, எண்ணாக உண்டு, தாயின் எண்ணோடு ஒப்பிடலாம். கர்ப்ப வாரமும் கிடைத்தால் இன்னும் நல்லது. 37 வாரத்துக்கு முன் பிறந்ததால் நிறை குறைந்த பிள்ளையும், நாள் நிறைந்தும் மெலிந்து பிறந்த பிள்ளையும் ஒன்றல்ல.

அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் அதற்கென ஒரு குழு இருக்கிறது. சுகாதாரப் பதிவேடுகளுக்குப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்கள் கல்முனைப் பணிப்பாளரின் கீழ் வருகின்றன, அம்பாறை நகருக்குப் போய் அலையாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். "எனக்குத் தெரிந்த மிஸ் இருக்கிறார், கொப்பியைக் காட்டுவார்" என்பது அனுமதி அல்ல. அந்த மிஸ்ஸின் வேலைதான் போகும்.

படிவம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்

நமது பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தந்தை, தாய் விவரங்களுக்குப் பிறகு பாட்டனாருக்கென்று ஒரு கூடு இருக்கும்: இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். பொதுவாக அதில் எழுதப்படுவது தந்தையின் தந்தை. பாட்டிக்குக் கூடு இல்லை. குடியுரிமைக்காகப் போட்ட கேள்வி அது, உடல்நலத்துக்காக அல்ல. பிள்ளையைச் சுமந்தவளைப் பெற்றவள் யார் என்று அந்தத் தாள் சொல்லாது.

ஊர் சொல்லும். குடி என்பது வழிவழி வரும் குலம். மட்டக்களப்புப் பக்கம் தாயின் குடிதான் பிள்ளையின் குடி. உலகிப்போடி குடிப் பெண்ணின் பிள்ளைகள் ஆணென்றாலும் பெண்ணென்றாலும் உலகிப்போடி குடி. மகளின் பிள்ளைகளும் அப்படியே. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கரையோர முஸ்லிம் ஊர்கள் பலவற்றிலும் இதே தாய்வழிக் குடிமுறை உண்டு. இதற்கு மேல், பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய்க்குப் பக்கத்து வளவில் மூத்த மகள், அதற்கு அடுத்ததில் இளையவள், அவர்களுடைய பெண்மக்கள் பின் ஒழுங்கையில்.

இதனால் உங்களுக்கு இரண்டு ஆதாயம். அம்மம்மா, அம்மா, மகள் மூவரும் பெரும்பாலும் ஒரே கிராம சேவையாளர் பிரிவுக்குள், சில வேளை ஒரே குடும்பநல உத்தியோகத்தரின் பகுதிக்குள் இருப்பார்கள். தேடல் சிறிய வட்டத்தில் முடியும். இரண்டாவது, குடி ஒரு காவல்காரன். நீங்கள் தாயும் மகளும் என்று இணைத்த இருவருக்கும் வெவ்வேறு குடி வந்தால் அந்த இணைப்புப் பிழை. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடி வந்தால் எங்கோ ஒரு பெயர் இடம் மாறியிருக்கிறது, திரும்பப் பாருங்கள். எந்தக் கணினியும் இந்தச் சோதனையைச் செய்து தராது. ஆனால் குடியைக் கேட்கும் இடத்தில் சாதியும் கூடவே வந்து நிற்கும். சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள், அறிக்கையில் எழுதாதீர்கள்.

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோட்ஷயரில் 1911 முதல் மருத்துவ மாதர்களும் வீடு செல்லும் தாதியரும் குழந்தைகளின் நிறையைப் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளர் அந்தப் பேரேடுகளைக் கொண்டு, குழந்தைப் பருவ நிறைக்கும் பிற்கால இருதய நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். (மிட்வைஃப் எழுதும் கொப்பியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சலிக்கும் தங்கச்சிமாருக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.) 1989இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் இருந்தவர்கள் 5654 பேர், அத்தனை பேரும் ஆண்கள். கலியாணத்தோடு குடும்பப் பெயர் மாறும் நாட்டில் பெண்ணைப் பதிவேட்டில் பின்தொடர்வது கடினம். நம்மிடத்திலும் பெயர் மாறும், ஆனால் வளவு மாறுவது குறைவு. பெயரைத் துரத்தாமல் வளவைப் பிடியுங்கள்.

எந்தத் தாளில் என்ன இருக்கும்

வீட்டு அலுமாரியில் இருந்து தொடங்குங்கள். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு, ஊரில் கிளினிக் கொப்பி என்பது, பிறப்பு நிறை, நீளம், தலைச் சுற்றளவு, தடுப்பூசித் திகதிகள் எல்லாவற்றையும் வைத்திருக்கும். நம் தாய்மார் இதைக் காணி உறுதியோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி வைப்பார்கள். இன்று இருபத்தைந்து வயதான பெண்ணின் சொந்தக் குழந்தைக் கொப்பி அவளுடைய தாயிடம் இருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது. அவளிடம் கேட்காதீர்கள், தாயிடம் கேளுங்கள்.

அடுத்தது எச் 512, கர்ப்பகாலப் பதிவேடு. அதில் முந்திய கர்ப்பங்களுக்கென ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் எப்படிப் பிறந்தது, என்ன நிறை, உயிரோடு இருக்கிறதா என்று அங்கே வரிசையாக இருக்கும். கருச்சிதைவும் இறந்து பிறந்ததும் அங்கேதான் தெரியும். கணவன் மனைவி இரத்த உறவா என்ற கேள்வியும் அதில் உண்டு. குடும்பநல உத்தியோகத்தரின் பக்கம் எச் 526, தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு. ஒரு பெண் எந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் இருந்தாள் என்பதற்கு அது சாட்சி.

பிறப்புச் சான்றிதழில் நிறை இருக்காது. அது தருவது நாள், இடம், பெற்றோர் பெயர். இங்கே புதியவர்கள் இடறும் ஒன்று: பிறப்பு நடந்த இடத்துக்குரிய பதிவாளர் பிரிவில்தான் பதிவு இருக்கும், குடியிருக்கும் ஊரில் அல்ல. கொக்கட்டிச்சோலைத் தாய் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் பெற்றிருந்தால் நகரத்துப் பிரிவில் தேடுங்கள். முந்திய தலைமுறை தலைகீழ். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை அந்த வழியாக ஆற்றைக் கடக்கப் பாதை எனப்படும் மிதவைப் படகைத்தான் நம்பியிருந்தார்கள். இரவில் வலி கண்டவள் வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பெற்றாள். அப்படிப் பிறந்தவர்களுக்குப் பதிவு ஊர்ப் பிரிவில் இருக்கும், நிறை எங்கும் இருக்காது. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கிழவிகளைத் தேடும்போது, அம்பாறை தனி மாவட்டமானது 1961இல் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முன் பிறந்தவர்களின் தாள்களில் மாவட்டம் மட்டக்களப்பு.

பதிவு இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கும். அதிலுள்ள பிறந்த நாள் மதிப்பீடுதான். அதை வைத்து அடையாள அட்டை எடுத்திருப்பார்கள், அட்டையை வைத்துக் கலியாணப் பதிவு நடந்திருக்கும். மூன்று தாளிலும் ஒரே திகதி இருக்கிறதே என்று மகிழாதீர்கள். சாட்சி ஒன்றுதான், மற்ற இரண்டும் அதன் நகல்.

கத்தோலிக்க, மெதடிஸ்தக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவு பெரிய துணை. சைவக் குடும்பங்களில் சாதகம். சாதகத்தில் ஆண்டின் பெயர் இருக்கும்; காளயுக்தி என்றால் 1978 சித்திரை முதல் 1979 பங்குனி வரை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். அம்மம்மாவின் தாயாருடைய ஓலையென்றால் 1918ஆக இருக்கும், அவசரப்பட்டு எழுதாதீர்கள்.

தாள் ஒன்றுமே இல்லாதபோது ஊரின் நாட்காட்டி இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 ஜனவரி வெள்ளம். "எந்த மாதம் பிறந்தாள்?" என்று கேட்டால் கிழவி கையை விரிப்பார். "சூறாவளி அடிக்கும்போது மகள் வயிற்றிலா, மடியிலா?" என்று கேளுங்கள். "தவழ்ந்துகொண்டிருந்தாள் மகள், கூரை போனபோது அவளைப் பாயோடு சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்" என்று வரும். அப்படியென்றால் 1978இன் முதல் பாதி. கொப்பியில் "1978, ஜனவரி முதல் ஜூன் வரை, வாய்மொழி" என்று எழுதுங்கள். இல்லாத திகதியை உருவாக்காதீர்கள்.

பெயரும் இலக்கமும்

ஒரே பெண் நாலு பெயரில் வருவாள். உதாரணத்துக்குக் கமலாதேவி என்று வைத்துக்கொள்வோம். பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் தம்பிப்பிள்ளை, எனவே தம்பிப்பிள்ளை கமலாதேவி. கலியாணத்துக்குப் பின் சிவராசா கமலாதேவி. வைத்தியசாலைச் சீட்டில் ஆங்கில எழுத்தில் எஸ். கமலாதேவி, அதுவும் எழுதியவரின் காதுக்கேற்ற எழுத்துக்கூட்டலில். ஊரில் அவள் பெயர் கிளி. கிளி என்றால்தான் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். ஆகவே பெயருக்கு ஒரு கூடு போதாது: சொந்தப் பெயர், தகப்பன் பெயர், கணவன் பெயர், வீட்டுப் பெயர், ஒவ்வொன்றும் தனித்தனியாக, தாளில் இருக்கிறபடியே. திருத்தி எழுதுவது ஆசிரியர் வேலை, நம் வேலையல்ல.

அடையாள அட்டை இலக்கம் பெயரைவிட நம்பத்தக்கது, அதைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது எண்ணும் வி அல்லது எக்ஸ் எழுத்தும் கொண்ட பழைய அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 78562 என்று தொடங்கினால் 1978இல் பிறந்த பெண், 62ஆம் நாள். இந்தக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள்தான். ஜனவரி 31, பெப்ரவரி 29, ஆக 60. எனவே 62 என்பது மார்ச் 2. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் மார்ச் 3 என்று வந்து, பிறப்புச் சான்றிதழோடு ஒரு நாள் இடிக்கும். சரியான இணைப்பைப் பிழையென்று தள்ளிவிடுவீர்கள். புதிய பன்னிரண்டு எண் அட்டையில் ஆண்டு நாலு எண்ணாக இருக்கும். பழைய இலக்கத்தை மாற்ற முன்னால் 19 சேர்த்து, நாள் எண்ணுக்குப் பின் ஒரு பூச்சியம் இடவேண்டும். தாய் பழைய அட்டையோடு ஒரு பதிவிலும் புதிய அட்டையோடு இன்னொன்றிலும் வருவது சாதாரணம்.

கோர்வை

மூன்று தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள், கொப்பியிலோ கணினியிலோ. ஒன்றில் ஆட்கள், ஆளுக்கு ஒரு வரி, ஒரு குறியீடு. அந்த வரியிலேயே தாயின் குறியீடும் தகப்பனின் குறியீடும். இன்னொன்றில் பிறப்புகள்: நிறை, வாரம், எத்தனையாவது பிள்ளை, எந்தத் தாளில் கண்டது. மூன்றாவதில் இணைப்புகள்: யாரை யாரோடு, எதை நம்பி இணைத்தீர்கள். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து மேற்பார்வையாளர் "இவள் மகளென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால் வாயடைத்து நிற்பார்கள்.

நம் பக்கம் மச்சான் மச்சாள் கலியாணம் சாதாரணம். தாயின் தகப்பனும் தகப்பனின் தாயும் கூடப்பிறந்தவர்களாக இருந்தால் ஒரே பூட்டி (கொள்ளுப்பாட்டி) இரு பக்கத்திலும் வருவார். அவருக்கு ஒரே குறியீடுதான். இரண்டு கொடுத்தால் ஒரு குடும்பம் இரண்டு குடும்பமாகிவிடும்.

இணைப்புக்குத் தரம் போடுங்கள்: உறுதி, பெரும்பாலும், ஐயம். பதிவுகளை இணைக்கக் கனடாவில் ஐவன் ஃபெலிகி, அலன் சண்டர் என்ற புள்ளியியலாளர்கள் 1969இல் வகுத்த முறையின் சாரம் எளிதானது: அரிதான விவரம் ஒத்துப்போனால் அதிகப் புள்ளி, எங்கும் உள்ளது ஒத்துப்போனால் குறைந்த புள்ளி. தங்கம்மா என்ற பெயர் பொருந்துவதால் ஒன்றும் தெரியவராது. ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெயரும் பிறந்த நாளும் பொருந்தினால் அநேகமாக அவளேதான். கணக்கை உறுதியான இணைப்புகளோடு ஒருமுறையும், "பெரும்பாலும்" என்பவற்றைச் சேர்த்து இன்னொரு முறையும் செய்யுங்கள். விடை தலைகீழானால் உங்கள் இணைப்புகள் இன்னும் கணக்குக்கு ஆயத்தமில்லை.

பிறகு உடல் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ஒரே தாய்க்கு ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகளா? பத்து வயதுத் தாயா? இரட்டையர் ஒரே ஆளாகச் சுருங்கிவிட்டார்களா? இவற்றை வெறும் கண்ணாலேயே பிடிக்கலாம்.

நிறையில் ஒளிந்திருப்பது

பழைய தாள்களில் நிறை இறாத்தலில் இருக்கும். ஓர் இறாத்தல் ஏறத்தாழ 454 கிராம். ஐந்தரை இறாத்தல் 2495 கிராம். குறைநிறைக்கான இன்றைய எல்லை 2500க்குக் கீழே, ஆகவே ஐந்தரை இறாத்தல் பிள்ளை குறைநிறை. அதே பிள்ளையை நிறுத்தவர் கிலோவில் 2.5 என்று முழுதாக்கி எழுதியிருந்தால் குறைநிறை இல்லை. உலக சுகாதார நிறுவனமே 1976க்கு முன் 2500ஐயும் குறைநிறைக்குள் சேர்த்திருந்தது. தாய் இறாத்தலிலும் பிள்ளை கிராமிலும் இருந்தால் எல்லைக்கோட்டை வைத்து ஒப்பிடாதீர்கள், நிறையையே ஒப்பிடுங்கள். உங்கள் பட்டியலில் 2.5உம் 3.0உம் எத்தனை முறை வருகின்றன என்றும் எண்ணிப் பாருங்கள். தொங்கு தராசின் முள் ஆடிக்கொண்டிருக்கும்போது கண் முழு எண்ணைத்தான் தேடும். நான் நிறுத்த காலத்தில் எனக்கும் அந்த ஆசை வந்ததுண்டு.

தலைப்பிள்ளை பொதுவாகச் சற்று நிறை குறைவு. தாய் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்து, நீங்கள் எடுத்தது அவளுடைய முதல் பிள்ளையென்றால் வித்தியாசத்தில் ஒரு பங்கு அதனால் வந்தது. காலமும் மாறியிருக்கிறது: அம்மம்மா காலத்தில் மலேரியா இருந்தது, 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. எனவே தலைமுறைக்குத் தலைமுறை நிறை கூடியது என்பதை மட்டும் வைத்து இரத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். ஒரே அம்மம்மாவின் இரண்டு மகள்மாரை எடுத்து, நிறை குறைந்து பிறந்தவளின் பிள்ளைகளையும் மற்றவளின் பிள்ளைகளையும் ஒப்பிடுவது நியாயமான வழி. வளவும் அடுப்பும் கிணறும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்று.

கிடைக்காதவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். கொப்பி தொலைந்தவர்கள் சும்மா தொலைத்தவர்கள் அல்ல. நாவலடியில் சுனாமியன்று கடல் கொண்டுபோனது. அங்கிருந்து திராய்மடுவுக்குப் போனவர்களுக்கு வளவும் மாறிவிட்டது. வாகரையில் போரால் இடம்பெயர்வு. கஷ்டப்பட்ட குடும்பங்களின் தாள்களே கூடுதலாகக் காணாமற் போயிருக்கும். மிச்சத்தை மட்டும் வைத்துச் செய்த கணக்கு, ஊர் உண்மையில் இருந்ததைவிட நலமாக இருந்ததாகக் காட்டும்.

இறந்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும் முறை

"எத்தனை பிள்ளைகள்?" என்றால் இருக்கிற பிள்ளைகளைச் சொல்வார்கள். "எத்தனை முறை வயிற்றில் இருந்தது?" என்றால் எல்லாம் வரும். மாமியார் முன்னிலையில் கேட்காதீர்கள். கணவனின் முன்னும் வேண்டாம். சில நாளில் இறந்த பிள்ளைக்குப் பெயர் இராது. பிறப்புப் பதிவில் பெயர்க் கூடு வெறுமையாகவும் மரணப் பதிவில் இன்னாரின் குழந்தை என்றும் இருக்கும். அதை இணைக்கத் தாயின் பெயரும் திகதியும் மட்டும்தான் வழி. பெயர் இல்லை என்று வரியை விட்டுவிட்டால், நீங்கள் எதை ஆராய வந்தீர்களோ அதையே அழித்துவிட்டீர்கள். வளர்ப்புப் பிள்ளை, தகப்பன் பெயர் எழுதாத பிள்ளை என்று தெரியவந்தால் உங்கள் குறியீட்டில் மட்டும் குறித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அக்காமார் தங்கைமாருக்கே தெரியாத சங்கதிகள் அவை. பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் ஒரு இடத்தில், பூட்டில் இருக்கட்டும். தரவுக் கோப்போடு ஒன்றாக அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் அறவே வேண்டாம்.

வீடு வீடாகப் போகும்போது, தானே நிறை குறைந்து பிறந்து இப்போது கர்ப்பமாக இருக்கும் பெண்ணைக் கட்டாயம் சந்திப்பீர்கள். தடுப்பூசி தவறிய பிள்ளையையும் காண்பீர்கள். ஆய்வு முடியும்வரை அதை வைத்திருக்க வேண்டாம். அவளிடம் கேட்டுக்கொண்டு, அன்றைக்கே அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லிவிடுங்கள்.